ஆடவரை முந்திய சைக்கிள் வீராங்கனை பெரில் பர்ட்டன்
இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1937-இல் பிறந்த பெரில் பர்ட்டன், சிறுவயதில் வாதக் காய்ச்சலால் பல மாதங்கள் மருத்துவமனையில் கிடந்தவர். கடும் உழைப்பு கூடாது என்று மருத்துவர்கள் எச்சரித்தனர். அவரோ பண்ணை வேலைக்கிடையே பயிற்சி செய்து, ஓடுதளத்தில் ஐந்தும் சாலையில் இரண்டுமாக ஏழு உலகப் பட்டங்களை வென்றார்.

1967-இல் நடைபெற்ற 12 மணி நேரப் பந்தயத்தில் அவர் கடந்த தூரம் 277.25 மைல். அன்றே ஆடவர் சாதனை படைத்த மைக் மெக்நமாரா கடந்ததைவிட இது அதிகம். அவரைத் தாண்டிச் செல்கையில் பர்ட்டன் ஒரு மிட்டாயை நீட்டியது இன்றும் பேசப்படுகிறது. பெண்கள் பிரிவில் அச்சாதனை 50 ஆண்டுகள் நிலைத்தது.

ஒலிம்பிக்கில் மகளிர் சைக்கிள் பந்தயம் சேர்க்கப்பட்டதோ 1984-இல்தான். அதற்குள் அவரது உச்சகாலம் முடிந்திருந்தது. தோல்வியை எளிதில் ஏற்கும் இயல்பும் அவருக்கில்லை. 1976 தேசியப் போட்டியில் வென்ற சொந்த மகள் டெனிஸுடன்கூடக் கைகுலுக்க மறுத்தார்.

1996 மே மாதம், 59-ஆவது பிறந்தநாளுக்குச் சில நாள்களே இருந்த நிலையில், சைக்கிளில் செல்லும்போதே உயிர் நீத்தார்.