விதி வகுத்தவரின் விதிவிலக்கு

பணி ஓய்வின்போது கைக்கு வந்த தொகையை எங்கே வைப்பது என்ற கேள்வியோடு சில மாதங்களாக இருக்கிறேன். 2008-இல் நண்பர் ஒருவரின் சொல் கேட்டு இரண்டே நிறுவனங்களின் பங்குகளை வாங்கி, சேமிப்பின் பெரும்பகுதியை இழந்தவன் நான். எனவே, இம்முறை பரிந்துரைகளை நாடவில்லை. பெஞ்சமின் கிரஹாமின் வாழ்க்கையைப் படித்தேன்.

1894-இல் லண்டனில் பிறந்து, ஒரு வயதிலேயே குடும்பத்துடன் நியூயார்க்குக்குப் பெயர்ந்தவர் கிரஹாம். பீங்கான் வணிகம் செய்துவந்த தந்தை, அவரது ஒன்பதாவது வயதில் காலமானார். எஞ்சிய சிறு தொகையைத் தாய் கடன் சேர்த்துப் பங்குகளில் இட்டார். 1907-ஆம் ஆண்டின் நிதி நெருக்கடி அதையும் விழுங்கியது. 1914-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபோது ஆங்கிலம், கணிதம், தத்துவம் ஆகிய மூன்று துறைகளும் அவரை ஆசிரியராக்க முன்வந்தன. வறுமை அவரை வால் ஸ்ட்ரீட்டுக்கு அனுப்பியது.

தாய்க்கு நேர்ந்ததை அறிந்திருந்தும், 1929 சரிவின்போது அவர் நிர்வகித்த நிதியிலும் கடன் வாங்கிய பணம் கலந்திருந்தது என்பதுதான் எனக்கு வியப்பு. 1932-க்குள் அந்நிதியின் மதிப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு கரைந்தது. பணத்தை ஒப்படைத்தவர்களில் உற்றாரும் நண்பர்களும் இருந்தனர். இழப்பு ஈடாகும்வரை கிரஹாமும் அவருடைய பங்குதாரர் ஜெரோம் நியூமனும் ஊதியமின்றி உழைத்தனர். அந்த ஆண்டுகளில்தான், 1934-இல், டேவிட் டாட் உடன் சேர்ந்து எழுதிய பங்கு ஆய்வு நூல் வெளிவந்தது.

1949-இல் எளிய முதலீட்டாளர்களுக்கென எழுதிய நூலில் அவர் தந்த வழி மிகச் சாதாரணமானது. பங்குகளும் கடன் பத்திரங்களும் தலா 25 விழுக்காட்டுக்குக் குறையாமலும் 75-ஐ மீறாமலும் இருக்க வேண்டும். பங்குகளை 10 முதல் 30 பெரிய நிறுவனங்களில் பரப்ப வேண்டும். விகிதம் விலகினால், ஏறியதில் கொஞ்சம் விற்று இறங்கியதை வாங்கி, பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

இடிஎஃப் எனப்படும், பங்குச்சந்தையில் வாங்கி விற்கும் நிதிகள் இன்று இந்தப் பரவலை ஒரே கொள்முதலில் தருகின்றன. ஆனால், நிஃப்டி 50 இடிஎஃப் ஒன்றையும் வங்கித் துறை இடிஎஃப் ஒன்றையும் வாங்கிவிட்டு, இடர் இரண்டாகப் பிரிந்துவிட்டதாக நினைப்பது ஏமாற்றம். பெரிய வங்கிகள் இரண்டிலும் இருக்கின்றன. (நானும் அப்படித்தான் தொடங்கினேன்.) வர்த்தகம் குறைவாக நடக்கும் இடிஎஃப்களில் சந்தை விலை, உள்ளிருக்கும் பங்குகளின் மதிப்பிலிருந்து விலகி நிற்பதும் உண்டு.

இத்தனையும் சொன்ன கிரஹாம், 1948-இல் தம் நிறுவன நிதியில் கணிசமான பகுதியைக் கெய்கோ என்ற ஒரே காப்பீட்டு நிறுவனத்தில் இட்டார். அதில் வந்த லாபம், மற்ற முதலீடுகள் பல்லாண்டுகளில் தந்த லாபம் அனைத்தையும் விஞ்சியது. இதை அவர் மறைக்கவில்லை. பிற்காலப் பதிப்பின் பின்னுரையில் தாமே எழுதினார். இதைத் துணிவுக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்கேடுகளை முப்பது ஆண்டுகளுக்கு மேல் துருவியவர் கண்ட வாய்ப்பு அது. நண்பர் காதில் ஓதியதைக் கேட்டு நான் செய்தது வேறு.

இறுதிக் காலத்தில் கிரஹாமே, சந்தையை வெல்வது பெரும்பாலோர்க்கு இயலாது என்ற முடிவுக்கு வந்து, குறியீட்டு நிதிகளை ஆதரித்தார். பொதுமக்களுக்கான முதல் குறியீட்டு நிதியை அமெரிக்காவில் வான்கார்ட் நிறுவனம் 1976 ஆகஸ்டில் தொடங்கியது. செப்டம்பர் 21 அன்று, பிரான்ஸில் கிரஹாம் காலமானார். அமெரிக்காவில் எஸ் அண்ட் பி 500 குறியீட்டுக்கான இடிஎஃப் 1993-இல்தான் வந்தது.

என் வயதுக்குப் பங்கில் 30 விழுக்காடு போதும் என்று முடிவுசெய்து, கடந்த வாரம் ஒரே ஒரு நிஃப்டி இடிஎஃப் வாங்கினேன். மீதி வைப்புத்தொகையிலும் அரசுப் பத்திரங்களிலும் இருக்கிறது. வங்கித் துறை இடிஎஃப்பை விற்றுவிட்டேன்.