ஆட்டத்தையும் பாடமாக்கிய தாகூர்

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலே இரவு ஷிப்டு முடித்து வீடு திரும்புகிறான் தோழன். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், பள்ளி ஆண்டு விழாவுக்காக ஆடிப் பழகிக் கொண்டிருக்கிறாள். ஆட்டம் சோறு போடுமா என்று அதட்டுகிறான். அவன்மீது குற்றமில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மாதச் சம்பளம் கொடுத்து நாட்டிய வகுப்பு. பாட்டாளி வீட்டுப் பிள்ளைக்கோ ஆண்டுக்கு ஒரு நாள் மேடை! ஆட்டம் பாடமல்ல, அலங்காரம் என்றுதானே அவன் கண்டிருக்கிறான்?

அது பாடந்தான் என்று நூறாண்டுக்கு முன்னரே நடத்திக் காட்டினார் ஒருவர். இரவீந்திரநாத் தாகூர்! 1913-ல் நோபல் பரிசு பெற்ற கவிஞர் என்று அவரை அறிவோம். பள்ளிக்கூடம் நடத்திய தாகூரை நாம் அறிந்தது கொஞ்சமே.

1861-ல் கல்கத்தாவில் செல்வக் குடியிலே பிறந்தார். பள்ளி மாற்றிப் பள்ளி சேர்த்தார்கள், எதிலும் நிலைக்கவில்லை. நான்கு சுவருக்குள் அசையாமல் உட்காருவது அவருக்குச் சிறைவாசம். அந்தத் தழும்பு ஆறவேயில்லை. 1901-ல் சாந்திநிகேதனில் தாமே ஒரு பள்ளி தொடங்கினார். மாணவர் ஐவர்; மரத்தடியே வகுப்பு. பணம்? மனைவி மிருணாளினி தம் நகைகளைத் தந்தார். அடுத்த ஆண்டே அந்த அம்மையார் மறைந்தார். 1903-ல் மகள் ரேணுகா. 1907-ல், மகன் சமீந்திரனைக் காலரா கொண்டுபோயிற்று. அதே ஆண்டுத் தொடக்கத்தில்தான் அச்சிறுவன் தோழர்களைக் கூட்டிப் பருவ விழா ஒன்று நடத்தியிருந்தான். மகன் போனான், விழா போகவில்லை. பாட்டும் ஆட்டமுமாய்ப் பின்னாளில் வசந்த விழாவாக வளர்ந்தது.

குழந்தை மூளையால் மட்டுமா கற்கிறது? உடம்பு முழுவதாலும் கற்கிறது என்பது தாகூரின் துணிபு. மரக்கிளையில் ஏறி அமர்ந்து படித்த மாணவனைக் கண்டு தலைமையாசிரியர் முகஞ்சுளித்தபோது, இவர் சிறுவன் பக்கம் நின்றார்.

1919-ல் சில்ஹெட்டிலே மணிப்புரி ஆட்டம் கண்டார், மயங்கினார். திரிபுரா மன்னரிடம் கேட்டு, புத்திமந்த சிங் என்ற ஆசானைச் சாந்திநிகேதனுக்கு வரவழைத்தார். முதலில் ஆடியவர்கள் ஆண் பிள்ளைகள். அதையும் தாளத்துக்கேற்ற உடற்பயிற்சி என்றே சொல்ல வேண்டியிருந்தது! ஆட்டம் என்றாலே இழிவு என்று எண்ணிய காலம் அது. தமிழகத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? சதிராடிய பெண்களை இகழ்ந்த அதே வாய்கள், பெயர் பரதநாட்டியம் என்று மாறியதும் புகழத் தொடங்கவில்லையா?

பெண் பிள்ளைகளும் ஆடினர். 1927-ல் 'நடீர் பூஜா' நாடகம் கல்கத்தா மேடையேறியது. ஓவியர் நந்தலால் போஸின் மகள் கௌரி ஆடினார். குடும்பப் பெண் மேடையில் ஆடுவதா என்ற ஏச்சு எழும் என்று தாகூருக்குத் தெரியும். அறுபத்தைந்து வயதில், துறவி வேடமிட்டுத் தாமும் அந்த மேடையில் நின்றார்.

ஒரு குறையையும் மறைப்பதற்கில்லை. சாந்திநிகேதனுக்கு வந்தவர்களில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே மிகுதி. பெற்றோருக்குத் தேர்வும் பட்டமுமே குறி. இதை உணர்ந்துதான் 1924-ல், ஏழைச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கென 'சிக்ஷா சத்ரா' என்ற தனிப் பள்ளி கண்டார்.

1938-ல், இறப்பதற்கு மூன்றாண்டு முன்பு, 'சண்டாலிகா'வை நாட்டிய நாடகமாக்கினார். தீண்டத்தகாதவள் என்று ஒதுக்கப்பட்ட பெண்ணிடம் ஒரு பிக்கு தண்ணீர் வாங்கிக் குடிக்கும் கதை. சாந்திநிகேதன் மாணவர்கள் அதை ஆடிக் காட்டினர்.