சுபேதார் சுப்பிரமணியன்

சுபேதார் சுப்பிரமணியன் (1912 - பெப்ரவரி 24, 1944) இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய இந்தியப் படையில் பணியாற்றி, இறப்பிற்குப் பின் ஜார்ஜ் சிலுவை விருது பெற்ற தமிழர் ஆவார். இவ்விருது நேரடியாக வழங்கப்பட்ட முதல் இந்தியராக இவர் கருதப்படுகிறார்.

மீஞ்சூர், பழவேற்காடு பகுதிகளையும் உள்ளடக்கியிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், காஞ்சிபுரத்தை அடுத்த கீழ்ஒட்டிவாக்கம் இவரது ஊர். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் பணியாற்றினார். பாலம் கட்டுதல், சாலை அமைத்தல், கண்ணிவெடி அகற்றுதல் முதலியன இப்பிரிவின் பணிகள். இதன் வீரர்களுக்குத் தம்பி என்ற செல்லப்பெயரும் உண்டு.

1944 தொடக்கத்தில் இத்தாலியின் மொன்டே கசீனோவைக் கைப்பற்ற நேச நாட்டுப் படைகள் போரிட்டு வந்தன. பெப்ரவரி 24 அன்று, அதன் தென்கிழக்கே மிக்னானோவில் சுப்பிரமணியனின் குழுவினர் கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தபோது, வீரர் ஒருவர் கண்ணி ஒன்றை மிதித்துவிட்டார். அவ்வகைக் கண்ணி மிதித்தவுடன் வெடிப்பதில்லை. சுமார் 4 வினாடிகள் கழித்தே வெடிக்கும். விலகித் தரையில் படுத்துக்கொள்ள அந்நேரம் போதும். சுப்பிரமணியனோ கண்ணியின் மேலேயே பாய்ந்து விழுந்தார். வெடிப்பு முழுவதையும் தம் உடலில் தாங்கி இறந்தார். அருகிலிருந்தவர்களின் உயிர் காக்கப்பட்டது.

விக்டோரியா சிலுவை எதிரியின் முன்னிலையில் காட்டும் வீரத்திற்கு மட்டுமே உரியது. இங்கு எதிரி நேரில் இல்லாமையால், 1940இல் நிறுவப்பட்டதும் அதற்கு இணையானதுமான ஜார்ஜ் சிலுவை இவருக்கு 1944இல் அறிவிக்கப்பட்டது.