காட்டில் முழங்காலிட்ட உபவாச ஊழியன்: டேவிட் பிரெய்னார்ட்

 

உபவாச ஜெபத்தைப் பற்றி நம்முடைய சபையிலே பேசாத மாதம் கிடையாது. வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறவன்தான் நானும். ஆனாலும் பட்டினிக்கும் உபவாசத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குப் புரிய வைத்தது, 29-ம் வயதிலேயே கர்த்தரிடம் போய்ச் சேர்ந்த ஒரு வாலிபனுடைய ஜீவியம். அதை உங்களோடு பகிர்ந்துகொள்ள வாஞ்சிக்கிறேன். அதற்கு முன் என் வெட்கத்தையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்கும் என் கூடப்பிறந்த அண்ணனுக்கும், அப்பா விட்டுப்போன வீட்டைக் குறித்துத் தகராறு. ஒருநாள் சொந்தக்காரர்கள் முன்னால் அண்ணனைப் பார்த்துச் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டேன். அதோடு பேச்சு நின்றது. ஆறு வருஷம் ஓடிப்போயிற்று. வழக்கு எனக்குச் சாதகமாக முடியவேண்டும் என்று 21 நாள் உபவாசம் எடுத்தேன். சாயங்காலம் ஒரு வேளை கஞ்சி மட்டும். அந்தக் கஞ்சி கொஞ்சம் ஆறிப்போனால் வீட்டம்மா மேல் எரிந்து விழுவேன். பதினெட்டாம் நாள் என் சின்ன மகள், அப்பா எப்போது உபவாசத்தை முடிப்பார், சாப்பிடுகிற நாளில் அப்பா இவ்வளவு கத்தமாட்டாரே என்று அவள் அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. எனக்குச் சுருக்கென்று குத்தியது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. சபையிலிருந்து வாசிக்க எடுத்து வந்து, திறக்காமலே வைத்திருந்த டேவிட் பிரெய்னார்டின் சரித்திரத்தை எடுத்தேன். விடியும்வரை கீழே வைக்க முடியவில்லை.

தன் உபவாசத்தையே நம்பினவர்

டேவிட் பிரெய்னார்ட் 1718-ம் வருஷம் ஏப்ரல் 20-ம் தேதி, அமெரிக்காவில் கனெக்டிகட் நாட்டிலுள்ள ஹாடம் என்ற ஊரில் பிறந்தார். அப்போது அது இங்கிலாந்து ராஜாவின் ஆளுகைக்குக் கீழே இருந்தது. ஒன்பது வயதில் தகப்பனை இழந்தார். பதினான்கு வயது நிரம்புமுன்னே தாயும் மரித்துப்போனாள். சின்ன வயதிலிருந்தே வாடின முகமும் கனத்த மனதுமாய் வளர்ந்த பிள்ளை.

இருபது வயதில் ஒரு போதகர் வீட்டில் தங்கிப் படித்தார். வேதவாசிப்பு, தனிஜெபம், உபவாசம் எல்லாம் ஒழுங்காகச் செய்தார். நாள் முழுவதும் சாப்பிடாமல் தேவனிடம் இரக்கத்துக்காகக் கெஞ்சின நாட்கள் உண்டு. ஆனால் சமாதானம் வரவில்லை. நான் இவ்வளவு செய்தும் தேவன் இன்னும் ஏன் இரங்கவில்லை என்று உள்ளுக்குள்ளே கோபம் வந்தது. தான் செய்த கடமைகளை ஒரு கணக்கு நோட்டைப்போல தேவனுக்கு முன்பாக விரித்து வைத்திருந்தோம் என்பது பின்னாட்களில்தான் அவருக்கு விளங்கியது.

1739-ம் வருஷம் ஜூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அடர்ந்த மரத்தோப்பு ஒன்றில் ஜெபிக்கப் பார்த்தார், முடியவில்லை. இனித் தன்னால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்ற நிலையில் நடந்துகொண்டிருந்தபோது, தேவனுடைய மகிமை அவர் உள்ளத்தில் வெளிப்பட்டது. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் எதுவுமில்லை. ஆனால் தேவன் எவ்வளவு மேன்மையானவர், எவ்வளவு அழகானவர் என்று அவர் ஆத்துமா கண்டுகொண்டது. தன் இரட்சிப்பைப் பற்றின நினைவே அந்த நேரத்தில் மறந்துபோகும் அளவுக்கு அந்த மகிமையில் மூழ்கிப்போனார்.

தேவ பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். இதற்குப் பிறகும் அவர் உபவாசித்தார், முன்னைவிட அதிகமாகவே உபவாசித்தார். ஆனால் முன்பு எதையோ வாங்கிக்கொள்வதற்காகப் பசியாயிருந்தார். பிற்பாடு தேவனுக்காகவே பசியாயிருந்தார். இந்த இடத்தை வாசித்தபோது என்னுடைய 18 நாளும் கண்முன்னே வந்து நின்றது. நானும் கணக்கு நோட்டைத்தானே விரித்து வைத்திருந்தேன்!

ஒரு வார்த்தையால் வந்த விழுகை

அதே வருஷம் செப்டம்பரில் நியூஹேவன் பட்டணத்திலிருந்த யேல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே படிக்கும்போதே இரத்தம் துப்ப ஆரம்பித்தார். அது காசநோய். 1740, 41-ம் வருஷங்களில் ஜார்ஜ் விட்ஃபீல்ட், கில்பர்ட் டென்னன்ட் போன்ற ஊழியக்காரர்களின் பிரசங்கத்தால் அந்த நாடெங்கும் எழுப்புதல் அக்கினி பற்றியெரிந்தது. மாணவர்களும் அனலானார்கள். ஆனால் அனலோடு கூடவே அகங்காரமும் உள்ளே நுழைந்துகொண்டது. ஆசிரியர் ஒருவரைக் குறித்து, ஒரு நாற்காலிக்கு இருக்கிற கிருபைகூட அவருக்கு இல்லை என்று பிரெய்னார்ட் நண்பர்களிடம் சொல்லிவிட்டார். அது யார் யார் காதோ கடந்து தலைவர் காதுக்குப் போயிற்று. எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். தனியாகப் பேசின பேச்சுக்கு ஏன் எல்லார் முன்னாலும் கேட்கவேண்டும் என்று மறுத்தார். மற்றக் குற்றச்சாட்டுகளும் சேர்ந்துகொண்டன. 1742-ம் வருஷம் தொடங்கின அந்தக் குளிர்காலத்தில் கல்லூரியிலிருந்து தள்ளப்பட்டார். அந்த நாட்டில் பட்டம் இல்லாதவன் ஒரு சபையின் போதகராவது மிகவும் கடினம். வாசல் அடைபட்டுப்போயிற்று.

அந்த வசந்தகாலத்தில்தான் அவருடைய உபவாச நாட்கள் ஆழமாயின. காட்டுக்குள் தனியே போய், ஆத்துமாக்களுக்காக மணிக்கணக்கில் போராடி ஜெபித்தார். குளிர்ந்த காற்று வீசும்போதும் உடம்பு வேர்வையில் நனைந்துபோகும்படி ஜெபித்த நாள் உண்டு. அவருக்கு அப்போது 24 வயது. அதே வருஷம் ஜூலையில் பிரசங்கிக்க அனுமதி கிடைத்தது. செவ்விந்தியர் என்று அழைக்கப்பட்ட அந்நாட்டுப் பூர்வகுடிகளிடம் போக, ஸ்காட்லாந்து தேசத்து மிஷனெரி சங்கம் அவரைத் தெரிந்துகொண்டது.

வைக்கோல் படுக்கையும் எலியாவின் சரித்திரமும்

1743-ம் வருஷம் ஏப்ரல் 1-ம் தேதி காவ்னாமீக் என்ற காட்டுக் கிராமத்துக்கு வந்து சேர்ந்தார். படுக்கை வைக்கோல். ஆகாரம் அவித்த சோளம், மாவுக்கஞ்சி, சாம்பலில் சுட்ட அப்பம். ரொட்டி வேண்டுமானால் பத்துப் பதினைந்து மைல் ஆள் அனுப்ப வேண்டும். வந்து சேரும்போது அது பூசணம் பிடித்திருக்கும். தன் குடிசையைத் தானே கட்டினார். மொழி கற்றுக்கொள்ள இருபது மைல் தூரத்திலுள்ள ஸ்டாக்பிரிட்ஜுக்குக் குதிரையில் போய் வந்தார்.

இப்படி ஏற்கனவே பாதிப் பட்டினியாய் இருக்கிறவர் உபவாசம் வேறு இருந்தாரா என்று எனக்கே ஆச்சரியமாயிருந்தது. இருந்தார். அந்த நவம்பர் 3-ம் தேதியை விடியற்காலம் முதல் ராத்திரி மட்டும் உபவாசத்திலும் தனிஜெபத்திலும் கழித்தார். வேதத்தைத் திறந்து எலியாவின் சரித்திரத்தை வாசித்தார், முழங்காலிட்டார். எலிசா, மோசே என்று வாசிக்க வாசிக்க, அவர்களோடிருந்த தேவன் தன்னோடும் இருக்கவேண்டும் என்று கெஞ்சினார். நாமோ உபவாச நாளில் வயிற்றை மூடிவிட்டு வேதத்தையும் மூடியே வைத்துவிடுகிறோம்! கடிகாரத்தைத்தான் அடிக்கடி பார்க்கிறோம்.

எல்லா உபவாசமும் அவருக்கு இன்பமாய் இருக்கவில்லை. இருதயம் வறண்டு, ஜெபம் வாயோடே நின்றுபோன நாட்களையும் அவர் மறைக்காமல் எழுதி வைத்தார். ஆனாலும் திரும்பவும் முழங்காலுக்குப் போனார்.

கிடைக்காமற்போன பட்டம்

என்னை உடைத்த இடம் இதுதான். 1743-ம் வருஷம் செப்டம்பரில் அவருடன் படித்தவர்கள் பட்டம் வாங்குகிற நாள் வந்தது. தள்ளப்படாதிருந்தால் அவரும் அன்றைக்கு முன்வரிசையில் நின்றிருப்பார். அவர் நியூஹேவனுக்குப் போனார். வழக்காட அல்ல, நியாயம் கேட்கவும் அல்ல. தான் பேசினது தவறு, பாவம் என்று ஒப்புக்கொண்டு, தாழ்மையாய் எழுதிக் கொடுத்தார். ஜோனத்தான் எட்வர்ட்ஸ் என்ற புகழ்பெற்ற போதகர் அவரை முதன்முதல் சந்தித்தது அங்கேதான். அவருடைய அமைதியையும் தாழ்மையையும் பார்த்து எட்வர்ட்ஸ் வியந்துபோனார்.

கல்லூரி என்ன செய்தது? திரும்ப வந்து ஒரு வருஷம் தங்கினால் பட்டம் தருகிறோம் என்றது. ஊழியத்தை விட்டு வர முடியாத அவருக்கு அது இல்லை என்று சொன்னதற்குச் சமம். பட்டம் கடைசிவரை கிடைக்கவேயில்லை. ஆனால் கசப்பு போய்விட்டது. அவர் குதிரையேறிக் காட்டுக்குத் திரும்பினார்.

உபவாசத்துக்குக் கிடைத்த முதல் பதில் எழுப்புதல் அல்ல, சகோதரரே! முதல் பதில் உடைந்த இருதயம். எழுப்புதல் அதற்குப் பிறகுதான் வந்தது.

எதிர்பாராத இடத்தில் இறங்கின வல்லமை

1744-ம் வருஷம் பெரிய சபை ஒன்று வசதியான போதகர் வேலைக்கு அழைத்தும், அதை மறுத்து டெலாவேர் நதிப் பக்கத்துக் காடுகளுக்குப் போனார். ஜூன் மாதம் குருப்பட்டம் பெற்றார். மாதங்கள் போயின; பெரிய பலன் ஒன்றும் தெரியவில்லை. வியாதி வேறு வாட்டியது. இந்த ஊழியத்தை விட்டுவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குச் சோர்ந்துபோனார். 

அந்தச் சோர்வோடேதான் 1745 ஜூன் மாதம் நியூஜெர்சி நாட்டில் கிராஸ்வீக்சங் என்ற இடத்துக்குப் போனார். கேட்க வந்தது சில பெண்களும் பிள்ளைகளும் மட்டுமே. ஆனால் அந்தப் பெண்கள் பத்துப் பதினைந்து மைல் நடந்துபோய் மற்றவர்களை அழைத்து வந்தார்கள். ஜூலை 21-ம் தேதி அவருடைய மொழிபெயர்ப்பாளர் மோசஸ் டட்டாமி ஞானஸ்நானம் பெற்றார். ஒருகாலத்தில் குடிக்கு அடிமையாயிருந்த மனுஷன். அதன்பின் பிரெய்னார்ட் சொன்னதை அவர் வெறுமனே மொழிபெயர்க்கவில்லை, அனுபவித்துச் சொன்னார்.

ஆகஸ்ட் 8-ம் தேதி சுமார் 65 பேர் கூடியிருந்தார்கள். தேவனுடைய அன்பைப் பற்றித்தான் பேசினார். பலத்த காற்று அடித்தாற்போல தேவ வல்லமை அந்தக் கூட்டத்தின்மேல் இறங்கிற்று. கிழவர்களும், குடிகாரரும், சின்னப் பிள்ளைகளும் இரக்கத்துக்காகக் கதறினார்கள். அந்த மாதமே 25 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அடுத்த வருஷம் சுமார் 130 பேர் ஒரே கிராமமாகக் கூடி வாழ்ந்தார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் உண்டாயிற்று.

1746 ஏப்ரல் 27-ம் தேதி முதல் திருவிருந்து ஆராதனை. இரண்டு நாள் முன்னதாக, 25-ம் தேதி, சபை முழுவதும் உபவாசித்து ஜெபித்தது. தங்களுக்குள் அன்போடும் ஐக்கியத்தோடும் சேர்ந்து நடக்கவேண்டும் என்பதும் அந்த ஜெபத்தில் ஒன்று. காட்டில் ஒரு மனுஷன் தனியாகத் தொடங்கின உபவாசம், ஒரு சபையின் உபவாசமாக முடிந்தது. அல்லேலூயா!

இருபத்தொன்பது வயதில்

அந்த வருஷக் கடைசியில் நோய் முற்றிவிட்டது. 1747 மே மாதம் எட்வர்ட்ஸின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவருடைய மகள் ஜெருஷா பிரெய்னார்டுக்குப் பணிவிடை செய்தாள். அக்டோபர் 9-ம் தேதி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடுத்த பிப்ரவரியில் ஜெருஷாவும் மரித்துப்போனாள். தம்பி ஜான் அந்த இந்தியச் சபையின் ஊழியத்தை ஏற்றுக்கொண்டார். 1749-ல் எட்வர்ட்ஸ் வெளியிட்ட அவருடைய நாட்குறிப்பு வில்லியம் கேரியின் கையிலும் ஹென்றி மார்ட்டினின் கையிலும் வந்தது. இருவரும் நம் இந்திய தேசத்துக்கு ஊழியம் செய்ய வந்தார்கள். எங்கேயோ காட்டுக்குள் எரிந்த தீயின் பொறி நம் தேசம்வரை வந்ததே!

ஒன்றையும் மறைக்கக்கூடாது. பிரெய்னார்ட் தன் சரீரத்தைச் சரியாகப் பேணவில்லை, பெலத்துக்கு மிஞ்சி உழைத்தார், அளவுக்கு மிஞ்சிச் சோர்ந்தார் என்று அவரை நேசித்த எட்வர்ட்ஸே எழுதியிருக்கிறார். ஆகவே சர்க்கரை வியாதி உள்ளவர்கள், தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறவர்கள், கர்ப்பவதிகள், பாலூட்டும் தாய்மார்கள் டாக்டரைக் கேட்காமல் நீண்ட உபவாசம் எடுக்கவேண்டாம். தேவன் பார்க்கிறது நம் காலி வயிற்றை அல்ல.

என் உபவாசம் முடிந்த விதம்

ஏசாயா 58-ம் அதிகாரத்தை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். வழக்குக்கும் வாதுக்கும் உபவாசிக்கிறவர்களைக் குறித்துத் தேவன் அங்கே பேசுகிறார். அன்று விடியற்காலம்தான் அது எனக்கே சொன்ன வார்த்தை என்று தெரிந்தது. மீதி மூன்று நாளும் வழக்குக்காக ஜெபிக்க வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது. 21-ம் நாள் வீட்டம்மாவிடமும் பிள்ளைகளிடமும் மன்னிப்புக் கேட்டேன். பிறகு பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அண்ணன் வாசலில் நின்றே கேட்டார். உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் அன்றைக்குச் சொன்ன வார்த்தையை மன்னித்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அண்ணி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள். அதைக் குடித்துத்தான் என் உபவாசத்தை முடித்தேன். வீட்டு விஷயம் இன்னும் தீரவில்லை. அண்ணனும் இன்னும் பழையபடி பேசவில்லை. பிரெய்னார்டுக்கும் பட்டம் கிடைக்கவில்லையே! ஆனால் ஆறு வருஷமாய் என் ஜெபத்துக்கும் தேவசமூகத்துக்கும் நடுவே இருந்த சுவர் இடிந்துவிட்டது. இப்போது வெள்ளிக்கிழமை முழங்காலிட்டால், கேட்க வேண்டியதை மறந்து அவர் சமூகத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அண்ணனுக்காகவும் ஜெபிக்கிறேன்.

பிரியமானவர்களே, வருகிற வெள்ளிக்கிழமை ஒரு வேளை ஆகாரத்தை விட்டுவிட்டு வாருங்கள். வேதத்தைத் திறந்து வையுங்கள். விண்ணப்பப் பட்டியலை எடுக்குமுன், யாரிடத்தில் ஒப்புரவாக வேண்டும் என்று ஆவியானவரைக் கேளுங்கள். அவர் காட்டினால், கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியிலேயே அதைச் செய்துவிடுங்கள்.

ஜெபம்: அன்பின் பிதாவே, எங்கள் உபவாசத்தை நாங்களே நம்பின பாவத்தை மன்னியும். உமக்காகப் பசியுள்ள இருதயத்தைத் தாரும். எங்களை உடையும், அதன்பின் எங்கள் சபையை எழுப்பும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே, ஆமென்.