அக்ரன் ஓட்டலில் ஒரு சனிக்கிழமை



குடிக்கிறவன் ருசிக்காகத்தான் குடிக்கிறான் என்று நாம் நினைக்கிறோம். அநேகருக்கு அப்படியல்ல. வேலையில் அவமானம், கடன், வீட்டில் சண்டை என்று அன்றன்றைய பாரம் நெஞ்சை அழுத்தும்போதுதான் தாகம் எழும்புகிறது. அதற்கு பில் வில்சனுடைய ஜீவியமே சாட்சி.

அவர் 1895-ல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே பெற்றோர் பிரிந்துபோக, தாத்தா பாட்டி வளர்த்தார்கள். 1912-ல் அவர் நேசித்த பெண் இறந்துபோனாள். வெகுகாலம் மனம் உடைந்து கிடந்தார். 1917-ல் ராணுவ அதிகாரியாக இருந்தபோது ஒரு விருந்தில் குடித்தார். நாலு பேர் முன்னால் நிற்கவே கூச்சப்படுகிற மனுஷனுக்கு அன்றைக்கு கூச்சமே தெரியவில்லை. பாருங்க, கண்ணி அங்கேதான் இருந்தது. மனக்கலக்கத்துக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று நம்பிவிட்டார்.

பிறகு நியூயார்க் பங்குச் சந்தையில் நன்றாகச் சம்பாதித்தார். 1929-ல் சந்தை சரிந்தது, பணமும் போயிற்று, குடி அதிகமாயிற்று. மனைவி லோயிஸ் கடையில் வேலைபார்த்து குடும்பத்தைத் தாங்கினாள். இனி குடிப்பதில்லை என்று குடும்ப வேதாகமத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒருதரம் அல்ல, பலதரம். எழுதினபோது உண்மையாகத்தான் எழுதினார். ஆனாலும் அடுத்த கஷ்டம் வந்ததும் கை பாட்டிலுக்குப் போயிற்று.

1934 நவம்பரில், குடியை விட்டிருந்த பழைய சிநேகிதர் எபி தாச்சர் வந்து தனக்கு நடந்ததைச் சொன்னார். டிசம்பரில் வில்சன் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அங்கே தேவனை நோக்கிக் கதறினார்; அறை முழுவதும் வெளிச்சமாகி, பெரிய சமாதானம் வந்ததாகப் பின்னாட்களில் சாட்சி சொன்னார். அதற்குப்பின் அவர் குடிக்கவே இல்லை.

ஆனால் சோதனை முடிந்துவிடவில்லை. 1935 மே மாதம் வியாபார விஷயமாக ஒஹையோ மாநிலத்து அக்ரன் பட்டணத்துக்குப் போனார். காரியம் தோற்றது. கூட வந்தவர்கள் திரும்பிவிட்டார்கள். மே 11, சனிக்கிழமை. பையில் சுமார் பத்து டாலர். ஓட்டல் முன்கூடத்தில் தனியாக நடந்துகொண்டிருந்தார். ஒரு பக்கம் மதுக்கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம். தோல்வி, தனிமை, பணக்கவலை மூன்றும் சேர்ந்து பழைய தாகத்தை எழுப்பிவிட்டது.

அன்றைக்கு அவர் என்ன செய்தார் தெரியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கவில்லை. டெலிபோன் பக்கம் போனார். சபைகளின் பட்டியலைப் பார்த்து ஒரு போதகரைக் கூப்பிட்டு, இன்னொரு குடிகாரரோடு பேசவேண்டும் என்று கேட்டார். அப்படியே ஒருவர் மாற்றி ஒருவராக விசாரித்து, மறுநாள் சாயங்காலம் டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். பதினைந்து நிமிஷம் போதும் என்று வந்த டாக்டர் ராத்திரி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் நடுவில் ஒருதரம் விழுந்து எழுந்தார். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் ஐக்கியம் தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது.

வில்சனுக்கு அப்புறமும் பாடுகள் இருந்தன. பல வருஷம் மனச்சோர்வு வாட்டியது. சிகரெட் அவருடைய நுரையீரலைக் கெடுத்தது. ஆனாலும் 1971 ஜனவரி 24-ல் மரிக்கும்வரை, முப்பத்தாறு வருஷம், குடியைத் தொடவில்லை.

பிரியமானவர்களே, குடி பாரத்தைக் கொஞ்சநேரம் மறக்கடிக்கும். போதை இறங்கினதும் சரீரம் முன்னிலும் அதிகமாய்ப் பதறும், அந்தப் பதற்றமே அடுத்த கிளாஸைக் கேட்கும். ஆகவே குடியைவிட்ட சகோதரனிடத்தில், குடிச்சியா என்று மட்டும் விசாரிக்காதிருங்கள். இன்னைக்கு நாள் எப்படிப் போச்சு, சாப்பிட்டியா, தூங்கினியா என்று கேளுங்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நாலும்தான் விழப்பண்ணுகிற வேளைகள். தினமும் அதிகமாய்க் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஜெபத்தோடு டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போங்கள்.

தாகம் எழும்புகிற சாயங்காலத்தில் கூப்பிட அவனுக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக நீங்கள் இருங்கள்.