வீழா மேடை அமைத்த ஓட்டிஸ்

விண்ணளாவிய மாளிகைகள் இன்று உலகின் பெருநகரங்கள் பலவற்றில் நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றின் உச்சிக்கு மக்கள் படியேறி வருந்துவதில்லை. மின்தூக்கியில் நின்றவாறே நொடிப்பொழுதில் சென்று சேர்கின்றனர். கயிற்றில் தொங்கும் சிறிய அறையொன்றில் அடியெடுத்து வைக்கிறோம் என்னும் அச்சம் அவர்கள் உள்ளத்தில் எழுவதே இல்லை. இவ்வச்சமின்மையை உலகிற்கு அளித்த பெருமை, எலிஷா ஓட்டிஸ் என்னும் அமெரிக்கத் தொழிலறிஞரைச் சாரும்.

ஓட்டிஸ் 1811ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 3ஆம் நாள், வெர்மான்ட் மாநிலத்திலுள்ள ஹாலிபாக்ஸ் என்னும் சிற்றூரில் உழவர் குடியொன்றில் பிறந்தார். பெற்றோரின் மக்கள் அறுவருள் இவரே கடைக்குட்டி. பத்தொன்பதாம் வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்ட இவர், நியூயார்க் மாநிலத்து டிராய் நகரில் வண்டியோட்டிப் பிழைத்தார். பின்னர் வெர்மான்டிற்குத் திரும்பி, ஆற்றோரத்தில் மாவு அரைக்கும் ஆலை ஒன்றை நிறுவினார். அது பயன் தரவில்லை. அதனை மரம் அறுக்கும் ஆலையாக மாற்றினார். அதுவும் கைகொடுக்கவில்லை. வண்டிகள் செய்து விற்றுக் காலங்கழித்து வருகையில், 1842ஆம் ஆண்டில் அவர்தம் மனைவியார் இயற்கை எய்தினார். இளஞ்சிறுவர் இருவரை வளர்க்கும் பொறுப்பு அவர் தோள்மீது விழுந்தது.

துன்பங்கள் தொடர்ந்து வந்தபோதும் ஓட்டிஸ் சோர்ந்துவிடவில்லை. 1845ஆம் ஆண்டில் ஆல்பனி நகருக்குச் சென்று, கட்டில் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பணியேற்றார். கட்டிலின் சட்டங்களைக் கையால் கடைவதைக் காட்டிலும் நான்கு மடங்கு விரைவாகக் கடையும் பொறியொன்றை அங்கே ஆக்கினார். அதன்பின் சிற்றோடை ஒன்றின் நீர்விசையைத் துணையாகக் கொண்டு தமக்கெனத் தொழிற்கூடம் அமைத்தார். ஆயின் நகர மக்களின் குடிநீருக்காக அவ்வோடையின் நீர் வேறு வழியில் திருப்பப்பட்டது. நீரின்றிப் பொறிகள் நின்றன, தொழிற்கூடமும் மூடப்பட்டது.

1852ஆம் ஆண்டில் யாங்கர்ஸ் என்னும் ஊரில், பாழடைந்து கிடந்த மர ஆலையொன்றைக் கட்டில் தொழிற்சாலையாக மாற்றியமைக்கும் பொறுப்பு ஓட்டிஸிடம் ஒப்படைக்கப்பட்டது. பளுவான பொருள்களை மேல்தளத்திற்கு ஏற்ற வேண்டியிருந்தது. அக்காலத்தும் பாரந்தூக்கும் மேடைகள் இருக்கவே செய்தன. எனினும், கயிறு அறுந்தால் மேடை கீழே பாய்ந்து நொறுங்கும். மேலே நின்றோரும் கீழே நின்றோரும் உயிரிழக்க நேரிடும். பிறர் கயிற்றின் வலிமையையே நம்பியிருந்தனர். ஓட்டிஸோ, கயிறு என்றேனும் ஒருநாள் அறுந்தே தீரும் என்று கொண்டு, அவ்வாறு அறுந்தாலும் மேடை வீழாதிருக்க வழி யாது என்று சிந்தித்தார். இங்கேதான் அவர்தம் அறிவின் தனிச்சிறப்பு விளங்குகின்றது.

அவர் கண்ட வழி எளியது. மேடையின் இருபுறமும் செங்குத்தாக நிற்கும் சட்டங்களில் வாளின் பற்களைப் போன்ற பற்களை அமைத்தார். வண்டிகளில் பொருத்தும் எஃகு வில் ஒன்றை மேடையின் மேற்பகுதியில் வைத்து, அதன் நடுவில் தூக்குங் கயிற்றைப் பிணைத்தார். மேடையின் பளுவால் கயிறு விறைத்திருக்கும் வரை வில் வளைந்து, அதன் முனைகள் பற்களைத் தொடாமல் விலகியிருக்கும். கயிறு அறுந்தாலோ, வில் உடனே நிமிரும். அதன் முனைகள் பற்களில் சிக்கிக் கொள்ளும். மேடை இருந்த இடத்திலேயே நின்றுவிடும்.

இத்துணை அரிய அமைப்பை உலகம் உடனே வரவேற்கவில்லை. கலிபோர்னியாவிற்குப் பொன் தேடிச் செல்லலாமா என்றுகூட ஓட்டிஸ் எண்ணியதுண்டு. 1853ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத் தொழிற்சாலை ஒன்று இத்தகைய பொறிகள் இரண்டை விரும்பிக் கேட்கவே, அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். எனினும் வாங்குவோர் மிகச் சிலரே. ஆதலின் அவர் துணிவான செயல் ஒன்றைச் செய்தார். 1854ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துப் பளிங்கு மாளிகைப் பொருட்காட்சியில், பெட்டிகளும் பீப்பாய்களும் நிறைந்த மேடைமீது தாமே ஏறி நின்றார். மேடை உயரே சென்றது. கூட்டத்தினர் அண்ணாந்து நோக்கினர். தம்மைத் தாங்கி நின்ற கயிற்றையே வெட்டிவிடுமாறு பணித்தார். கயிறு அறுந்தது, கண்டோர் நெஞ்சம் நடுங்கிற்று. மேடையோ சிறிதே இறங்கி, அசையாது நின்றது. தாம் ஆக்கிய பொறியைத் தம் உயிரையே பணயமாக வைத்து மெய்ப்பித்த அவரை மக்கள் வியந்து போற்றினர்.

1857ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள், நியூயார்க் பிராட்வேத் தெருவிலிருந்த ஐந்து மாடிக் கடையொன்றில் மக்கள் ஏறிச் செல்லும் தூக்குப்பொறியை ஓட்டிஸ் நிறுவினார். அது நீராவியால் நிமிடத்திற்கு 40 அடி உயர்ந்தது. 1861ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 8ஆம் நாள், தொண்டை அடைப்பான் நோயுற்று, ஐம்பது வயது நிரம்புமுன்னரே அவர் மறைந்தார். செல்வம் அவர் சேர்த்திலர். அவர்தம் மைந்தர் சார்லஸ், நார்ட்டன் இருவரும் அத்தொழிலை வளர்த்து உலகெங்கும் பரப்பினர்.

ஓட்டிஸின் வாழ்வு தொழிலாளர்க்கு ஓர் அரிய பாடமாகும். தடை உண்டு என்று எண்ணிக் கயிற்றைக் கவனியாது விடுவது பேதைமை. பற்கள் துருவேறினால், வில் தளர்ந்தால், அத்தடையும் பயன்படாது. கயிற்றின் புரிகள் தேய்ந்துள்ளனவா, சங்கிலியின் கண்ணிகள் நீண்டுள்ளனவா, கொக்கி விரிந்துள்ளதா என்று ஆராய்தல் வேண்டும். பொறியில் குறித்த அளவிற்கு மேல் பளு ஏற்றலாகாது. தொங்கும் பாரத்தின் கீழ் நிற்றலும் ஆகாது. இதனை உணர்ந்தே, நம் நாட்டில் 1948ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டம், தூக்குப்பொறிகளை ஆறு திங்களுக்கு ஒருமுறையும், பாரந்தூக்கும் சங்கிலி, கயிறு முதலியவற்றை ஆண்டுக்கு ஒருமுறையும், தகுதியுடையோர் நன்கு ஆராய்ந்து பார்க்க வேண்டும் என விதித்தது.

கேடு வந்தபின் வருந்துவோர் பலர். கேடு வரும் என்று முன்னரே எண்ணித் தடுப்போர் சிலரே. அச்சிலருள் ஒருவராகத் திகழ்ந்த ஓட்டிஸின் முன்னறிவு, உயரச் செல்லும் கோடிக்கணக்கான மக்களின் உயிரை இன்றும் காத்து நிற்கின்றது.