கணித மேதை லியோனார்ட் ஒயிலர் (1707 – 1783)

மாணவர்களே, சீனன்குடாவைக் கடந்து திருகோணமலைக்கு வரும் புகையிரதத்தில் நீங்கள் பயணம் செய்திருப்பீர்கள். நேரான பாதை திடீரென வட்டவில்லாக மாறினால் வண்டி குலுங்கும். வளைவு என்பது 1 ஐ ஆரையால் வகுக்க வரும் பெறுமானமாகும். நேர்கோட்டின் வளைவு பூச்சியம். வட்டத்தின் வளைவு ஒரு மாறிலி. ஆகவே இரண்டுக்கும் இடையில் வளைவு படிப்படியாகக் கூடும் ஒப்பமான வளையி ஒன்று தேவை. சென்ற தூரத்திற்கு நேர்விகிதசமமாக வளைவு கூடும் வளையி ஒயிலர் சுருளி எனப்படும்.

ஒயிலர் 1707 ஏப்ரல் 15 இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிற் பிறந்தார். மதகுருவான தந்தையார் மகனையும் மதகுருவாக்க விரும்பினார். யொகான் பேர்னூலி என்னும் கணித அறிஞரே அவரை இணங்கச் செய்து ஒயிலரைக் கணிதத்தின்பால் திருப்பினார். கடலில்லாத நாட்டிற் பிறந்த ஒயிலர், கப்பலிற் பாய்மரங்களை நிறுத்தும் முறைபற்றி எழுதிய கட்டுரைக்கு 1727 இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் பாராட்டுக் கிடைத்தது. அதே ஆண்டில் ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகருக்குச் சென்றார். அங்கு வலக்கண் பார்வையை இழந்தார். 1741 இல் பேர்லினுக்குச் சென்று 25 ஆண்டுகள் பணியாற்றினார்.

நுனியில் நிறை ஒன்றை ஏற்றியதும் நேராகிவிடும் வில், முதலில் எவ்வடிவில் இருந்திருக்க வேண்டும்? 1744 இல் வெளியிட்ட நூலில் இவ்வினாவை ஆராய்ந்தபோது அவருக்குக் கிடைத்ததே இச்சுருளி. அது முடிவின்றிச் சுற்றி ஒரு புள்ளியை அணுகும். அப்புள்ளியின் அமைவிடத்தை அன்று அவராற் கணிக்க முடியவில்லை.

1766 இல் அவர் மீண்டும் பீற்றர்ஸ்பேர்க் சென்றார். 1771 இல் இடக்கண்ணிற் செய்த சத்திரசிகிச்சை பயனளிக்காது பார்வை முற்றாக நீங்கியது. அவ்வாண்டிலேயே வீடும் தீக்கிரையாகியது. ஆயினும் மனத்தாற் கணித்து, பிறரைக் கொண்டு எழுதுவித்தார். 1781 இல், தமது 74 ஆவது வயதில், அப்புள்ளியின் அமைவிடத்தைக் கண்டறிந்தார். 1783 செப்டெம்பர் 18 இல் காலமானார்.

இன்று வீதிகளையும் புகையிரதப் பாதைகளையும் கணினியில் வடிவமைப்போர் இச்சுருளியைப் பயன்படுத்துகின்றனர். பல்லுறுப்பிக் கோவையால் இதனைத் திருத்தமாக எழுத முடியாது. எனவே கணினி பல்லுறுப்பி வளையித் துண்டுகளைத் தொடுத்து அண்ணளவாக வரைகின்றது. துண்டுகள் சந்திக்கும் இடத்தில் வளைவும் சமனாக இருந்தாலே பாதை ஒப்பமாகும். நமது துறைமுகத்திற்கு வரும் கப்பல்களைப் போன்றவற்றின் உடல்வடிவமும் இவ்வாறே கணினியிற் சோதிக்கப்படுகின்றது.

விடை கிடைக்காத வினாவை ஒயிலர் 37 ஆண்டுகள் சென்றும் கைவிடவில்லை. இதனை நீங்களும் மனத்திற் கொள்க.

நினைவிற் கொள்க:
1744 – சுருளியை விபரித்தமை
1771 – பார்வையை முற்றாக இழந்தமை
1781 – சுருளி அணுகும் புள்ளியைக் கண்டமை